கருப்பநீரும் அடுப்பங்கரையும்
தேற்றாத்தீவுக் கரையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலப்பகுதியை அப்பிரதேச மக்கள் எழுவான்கரை என வழங்குவர். மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், செட்டிபாளையம், மாங்காடு ஆகிய ஊர்களைக் கடந்ததும், களுதாவளைக்கு முன்னதாக அமைந்துள்ளது தேற்றாத்தீவு. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் கொட்டையைத் தருவது தேற்றா மரம். அம்மரத்தின் பெயர் இவ்வூர்ப் பெயரில் ஒலிக்கின்றது. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் சூழ்ந்த இக்கரையின் மணலில் தென்னையும் பனையும் வளர்கின்றன. இவ்விரு மரங்களின் பாளையிலிருந்தும் வடியும் நீரைக் காய்ச்சி இனிப்புப் பண்டமாக்கும் தொழில், தமிழர் வாழும் நெய்தல் நிலங்கள் பலவற்றிலும் வழங்கிவந்த ஒன்றாகும். எனினும் எமது வரலாற்று நூல்களில் கள்ளுக்குக் கிடைத்த இடம் கருப்பநீருக்குக் கிடைக்கவில்லை. அதற்கான காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் தொழிலின் தன்மையை நோக்குதல் வேண்டும். பனையின் ஆண், பெண் மரங்கள் இரண்டும் பாளை தருவன. சீவற்றொழிலாளி பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நாள்தோறும் அதன் நுனியை மெல்லியதாகச் சீவி, முட்டியைக் கட்டிவிடுவான். முட்டியின் உட்புறத்தில் ஒன்றும் பூசாதுவிடின், வடியும் நீர் சில மணித்தியாலங்களிலேயே நொதித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு பூசப்பட்டிருப்பின் நொதித்தல் தடைப்பட்டு நீர் இனிமை மாறாதிருக்கும். இதுவே இலங்கைத் தமிழர் கருப்பநீர் என்றும் தமிழகத்தார் பதநீர் என்றும் கூறுவது. ஆகவே, ஒரே மரத்தில் ஒரே உழைப்பினால் பெறப்படும் ஒரே நீர் மதுவாவதும் உணவாவதும் சிறிதளவு சுண்ணாம்பைப் பொறுத்தே அமைகின்றது. கள்ளையும் பனங்கட்டியையும் இரு வேறு உலகங்களாகக் கருதும் வழக்கம் இவ்வுண்மையை மறைத்துவிட்டது.

மரத்திலிருந்து நீர் இறங்கியவுடன் ஆணின் உழைப்பு முடிவடையப் பெண்ணின் உழைப்பு தொடங்குகின்றது. நீரைப் பன்னாடையாலோ துணியாலோ வடித்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டுத் தெளிவை இறுத்து, அடுப்பேற்றிக் காய்ச்சுவர். கருப்பநீரில் ஏறத்தாழ 10 முதல் 13 வீதம் வரையே வெல்லப்பொருள் உண்டு. எனவே ஒரு கிலோகிராம் பனங்கட்டி பெறுவதற்கு ஏறத்தாழ 8 லீற்றர் கருப்பநீர் வேண்டும். அதில் 7 லீற்றர் நீரை நெருப்பினால் ஆவியாக்கிப் போக்க வேண்டும். பனை மட்டையும் தென்னம்பாளையும் பொச்சும் விறகும் அடுப்பில் எரிந்துகொண்டேயிருக்கும். நீர் வற்றுந்தோறும் கொதிப்புநிலை உயர்ந்து, கட்டியாகும் தறுவாயில் அது 110 பாகைக்கும் மேற்செல்லும். அப்பொழுது பொங்கியெழும் நுரையைச் சிறிது தேங்காயெண்ணெய் இட்டு அடக்குவர். பாகினைக் குளிர்நீரில் ஒரு துளி விட்டு, அது திரண்டு நிற்பதைக் கொண்டு பதம் அறிவர். ஒரு கணம் முந்தினால் கட்டி இறுகாது. பிந்தினால் அடிப்பிடித்துக் கசக்கும். பதம் கண்ட பாகு சிரட்டையிலோ ஓலைக் குட்டானிலோ வார்க்கப்பட்டு இறுகுகின்றது.

இவ்வேலையில் வெப்பமானி இல்லை. எழுதிவைத்த அளவுகளும் இல்லை. நுரையின் நிறம், குமிழியின் பருமன், அகப்பையிலிருந்து பாகு விழும் விதம் என்பனவே அளவுகோல்கள். நீர் புளித்திருந்தால் எவ்வளவு காய்ச்சியும் கட்டி இறுகாதென்பதை அடுப்படிப் பெண்கள் அனுபவத்தால் அறிவர். புளித்த நீரில் கரும்புவெல்லம் எனப்படும் சுக்குரோசு சிதைந்து வேறு எளிய வெல்லங்களாக மாறிவிடுகின்றமையே அதற்குக் காரணமென இரசாயனம் கூறும். இது சாதாரண சமையல் அன்று. நுட்பமான உற்பத்தித் தொழில். ஆயின் அடுப்பங்கரையில் நிகழ்ந்தமையால் வீட்டு வேலையாகவே எண்ணப்பட்டது. தென் தமிழகத்தின் தேரிக்காடுகளில் பருவகாலத்தில் பனையேறிகளின் குடும்பங்கள் விடிலி எனப்படும் குடில்களில் தங்கித் தொழில் செய்வதுண்டு. அங்கும் காய்ச்சுதல் பெண்களின் பொறுப்பாகவே இருந்துவந்துள்ளது.

இனி, எழுத்துச் சான்றுகள் எவ்வாறு தோன்றின என்பதை நோக்குவோம். குடியேற்ற ஆட்சியாளருக்குக் கள்ளும் சாராயமும் முதன்மையான வருமான வழிகள். குத்தகை விடுவதற்கும், வரி விதிப்பதற்கும், திருட்டுத்தனமாக இறக்குவோரைத் தண்டிப்பதற்கும் கணக்குகள் தேவைப்பட்டன. சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டமும் இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டமும் இந்நோக்கிற்குத் துணைநின்றன. வரிப் புத்தகத்தில் மரத்துக்கு இடமிருந்தது. மரமேறியவனுக்கும் தவறணைக்கும் இடமிருந்தது. அடுப்பருகே அமர்ந்திருந்தவளுக்கு அங்கே இடமிருக்கவில்லை. அவள் ஆக்கிய பண்டம் வீட்டிலும் அயலிலும் ஊர்ச் சந்தையிலும் செலவழிந்தது. அதனால் அரசுக்கு வருமானம் பெரிதாகக் கிட்டவில்லை. அரசின் பதிவேடுகளையே முதற் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாசிரியன், கள்ளின் வரலாற்றை எழுதிவிட்டு அதுவே பனையின் வரலாறு என எண்ணிக்கொள்ளும் நிலை இவ்வாறே உருவாயிற்று.

பனையின் புகழ் பாடப்படாமலில்லை. 1850இல் வில்லியம் பேர்கசன் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூல், 'தாலவிலாசம்' என்னும் தமிழ்ப் பாடல் நூல் பனையின் 801 பயன்களைக் கூறுவதை உலகறியச் செய்தது. எனினும் பயன்களின் பட்டியல் உழைப்பின் வரலாறாகிவிடாது. பயன் யாருக்கு, பாடு யாருக்கு என்ற வினா அங்கே எழுவதில்லை. மரம் ஒருவருடையதாகவும் உழைப்பு வேறொருவருடையதாகவும் இருந்த சமூகத்தில், சீவற்றொழில் செய்தோர் சாதியமைப்பின் கீழ்ப்படிகளில் நிறுத்தப்பட்டனர். அவர்கள் காய்ச்சிய பனங்கட்டியை விரும்பி உண்ட சமூகமே அவர்களைத் தன் திண்ணையில் அமரவிடவில்லை. தொழிலின் மௌனத்துக்கு அரசின் கணக்கு மாத்திரமன்றி, ஊரின் கணக்கும் காரணமாயிற்று என்பதை மறைத்தலாகாது.

கருப்பநீருக்கு அரசியல் முக்கியத்துவம் கிட்டிய வேளைகளும் உண்டு. 1934இல் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபின், காந்தியடிகளும் ஜே. சி. குமரப்பாவும் பனைவெல்லத் தொழிலைக் கிராமிய வறுமைக்கு ஒரு மருந்தெனக் கண்டனர். 1937இல் இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கினை நடைமுறைப்படுத்தியபோது, தொழிலிழந்த சீவற்றொழிலாளருக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுதலே மாற்றுவழியாகக் காட்டப்பட்டது. இலங்கையில் 1970க்கும் 1977க்கும் இடையே இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் சீனி அரிதாகியபோது உள்ளூர் இனிப்புப் பண்டங்களின்பால் கவனம் திரும்பியது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை யாழ்ப்பாணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்டது. எனினும் 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் இறக்குமதிச் சீனிக்கு மீண்டும் வாயிலைத் திறந்துவிட்டிருந்தது. நாளெல்லாம் விறகெரித்து எடுத்த ஒரு கட்டி, கப்பலில் வந்த சீனியோடு விலையிற் போட்டியிட வேண்டியதாயிற்று.

சபை நிறுவப்பட்ட அதே 1978ஆம் ஆண்டின் நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. கரையோரத் தென்னைகள் பெருந்தொகையாக வீழ்ந்தன. அதனைத் தொடர்ந்து 1983 முதல் 2009 வரை நீடித்த போர், வட கிழக்குப் பனைகளில் பெருந்தொகையானவற்றைக் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் இரையாக்கியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளைய கடற்கோள் இக்கரையை மீண்டும் சிதைத்தது. மரம் வீழ்ந்தால் மறுபடி நடலாம். ஆயின் பனை பாளை தருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாது செல்லும். அவ்விடைவெளியில் காய்ச்சத் தெரிந்த ஒரு தலைமுறை மறைந்துவிடக்கூடும்.

மர நீரைக் காய்ச்சி இனிப்பாக்குதல் தமிழர்க்கே உரியதன்று. போரினால் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பலர் இன்று வாழும் கனடாவிலும் இத்தொழில் உண்டு. அங்கு பனிக்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைந்து பகலில் உருகும் நாள்களில், மேப்பிள் மரத்தைத் துளையிட்டு நீர் எடுக்கின்றனர். அந்நீரில் ஏறத்தாழ 2 வீதமே வெல்லம் உள்ளமையால் ஒரு லீற்றர் பாகுக்கு 40 லீற்றர் நீர் வேண்டும். பலர் தம் கொல்லைப்புறத்திலேயே, விரைவாக ஆவியாவதற்கேற்ற அகன்ற தட்டங்களில் அதனைக் காய்ச்சுகின்றனர். பொங்கும் நுரையை அவர்கள் அடக்குவது ஒரு துளி வெண்ணெயினால். இருவேறு கண்டங்களின் அடுப்படிகள் ஒரே விடையைக் கண்டுள்ளமை வியப்பிற்குரியது. அங்கும் இத்தொழிலை முதலில் அறிந்தோர் பழங்குடி மக்களே. ஒஜிப்வே மக்களிடையே வெல்லம் காய்ச்சும் தோப்பு பெண்களின் ஆளுகைக்குட்பட்டிருந்தது. 1790களில் பெஞ்சமின் றஷ், தோமஸ் ஜெபர்சன் போன்றோர் அடிமைகளின் உழைப்பாலான கரும்புச் சீனிக்கு மாற்றாக மேப்பிள் வெல்லத்தைப் போற்றினர். அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த ஜெபர்சனே இவ்வாறு போற்றியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

இவ்விரு தொழில்களும் பின்னர் வேறு வேறு திசையிற் சென்றன. கியூபெக் மாநிலத்தில் 1966இல் உற்பத்தியாளர் கூட்டமைப்புத் தோன்றியது. விளைச்சல் குன்றும் ஆண்டுகளில் விலை தளம்பாதிருக்க 2000ஆம் ஆண்டில் பாகுச் சேமிப்பும் ஏற்படுத்தப்பட்டது. அம்மரத்தின் இலை 1965 முதல் நாட்டின் கொடியிலும் பறக்கின்றது. நாற்பது பங்கு நீரைக் காய்ச்சியோர் சந்தையில் நிலைபெற்றனர். எட்டுப் பங்கைக் காய்ச்சியோர் நலிவுற்றனர். ஆகவே மரத்தின் வளமோ தொழிலின் எளிமையோ வெற்றியைத் தீர்மானிக்கவில்லை. உற்பத்தியாளருக்குச் சமூகம் அளித்த மதிப்பும், அவர்களது அமைப்பு வலிமையும், சந்தையின் பாதுகாப்புமே தீர்மானித்தன எனல் பொருந்தும்.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒன்று புலனாகின்றது. பனையின் வரலாற்றை மதுவரிப் பதிவேடுகளிலிருந்து மாத்திரம் எழுதுதல் போதாது. அதன் மறுபாதி அடுப்பங்கரையிலே, எழுத்தில் வராத நினைவாக உள்ளது. தேற்றாத்தீவிலும் அயலூர்களிலும் பாகின் பதம் அறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே அவர்களது சொற்களையும் அளவுகளையும் கூலிக் கணக்குகளையும் அனுபவங்களையும் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். பழம்பெருமை பேசுதற்காக அன்று. யார் உழைத்தனர், யார் உண்டனர் என்ற கணக்கைச் சரிசெய்தற்காக. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்கும் இப்பிரதேசத்தில், இப்பணியை மாணவர் தவிர வேறு யார் மேற்கொள்வர்? கலங்கிய நீரைத் தெளிவிக்கும் மரத்தின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து இத்தெளிவு தொடங்குமாயின் அது பொருத்தமாகவே அமையும்.