போர்க்கால ரயில் கட்டண உயர்வு

போர்க்கால ரயில் கட்டண உயர்வு என்பது, இரண்டாம் உலகப் போரின்போது இந்திய அரசு ரயில்களில் பயணக் கட்டணத்தையும் சரக்குக் கட்டணத்தையும் கூட்டிய நடவடிக்கை. இது 1940 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது.

வகைகள்: பயணக் கட்டணம் ரூபாய்க்கு 1 அணாவும் (6.25%), சரக்குக் கட்டணம் ரூபாய்க்கு 2 அணாவும் (12.5%) உயர்ந்தன. 8 ரூபாய்ச் சீட்டு எட்டரை ரூபாயானது. 8 ரூபாய்ச் சரக்குக்கு 9 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. ஒரு ரூபாய்க்கு உட்பட்ட பயணச் சீட்டுகளுக்கும், சரக்குகளில் உணவு தானியம், தீவனம், உரம் ஆகியவற்றுக்கும் விலக்கு இருந்தது.

கொங்கு வட்டாரம்: ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர், போத்தனூர் நிலையங்கள் அரசுக்குச் சொந்தமாகி, கம்பெனி நிர்வாகத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயைச் சேர்ந்தவையாக அப்போது இருந்தன. பஞ்சுப் பொதி, நூல் போன்ற ஆலைச் சரக்குகளுக்கு விலக்கு இருக்கவில்லை.

முன்னும் பின்னும்: முதல் உலகப் போர்க்காலத்திலும், 1917இல், ரயில் சரக்குக்குக் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. 1944இல் பயணக் கட்டணத்தை 25% உயர்த்தும் திட்டம் மத்திய சட்டசபை எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று தென்னிந்திய ரயில்வே நிர்வாகத்தை அரசே ஏற்றது. 1951இல் அது தெற்கு ரயில்வேயில் இணைந்தது.