வலியின் கதவு

ரோமானிய மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் கி.பி. முதல் நூற்றாண்டில் கால்வலிக்கு ஒரு வைத்தியம் எழுதிவைத்தார். ஈரக் கடற்கரையில் உயிருள்ள மின்திருக்கை மீனைக் காலடியில் போட்டு, முழங்கால்வரை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டும். மின்சாரம் என்றால் என்னவென்றே தெரியாத காலம்.

இது ஏன் பலிக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் 1965-ல் வந்தது. ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 'சயின்ஸ்' இதழில் முன்வைத்த 'கேட் கன்ட்ரோல்' கோட்பாடு. தண்டுவடத்தில் ஒரு கதவு. மெல்லிய நரம்பிழைகள் கொண்டுவரும் வலிச் செய்தி அதைத் தாண்டித்தான் மூளைக்குப் போகும். தொடுகையைச் சொல்லும் தடித்த இழைகள் சுறுசுறுப்பானால் கதவு சாத்திக்கொள்ளும். முழங்கையை இடிச்சுக்கிட்டதும் பரபரன்னு தேய்க்கிறோமே, அதேதான்.

1967-ல் வாலும் அறுவை நிபுணர் வில்லியம் ஸ்வீட்டும், கண்ணுக்குக் கீழே ஓடும் தங்கள் சொந்த நரம்பிலேயே ஊசி செருகி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். பிறகு எட்டு நோயாளிகள். நொடிக்கு 100 துடிப்பு, இரண்டே நிமிடம். நான்கு பேருக்கு அரை மணிக்கு மேல் வலி அடங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் நார்மன் ஷீலி தண்டுவடத்திலேயே மின்முனையைப் பதித்தார். கருவியை உருவாக்கியவர் தாமஸ் மார்டிமர், அப்போது பொறியியல் மாணவர். எனக்கு அந்தப் பெயர்மேல் தனி வாஞ்சை.

அந்த அறுவை யாருக்குப் பலன் தரும்னு முன்கூட்டியே பார்க்க, தோலில் மின்முனை ஒட்டிச் சோதித்தார்கள். சிலருக்கு அந்தச் சோதனையே போதுமானதாக இருந்தது! டெஸ்டுக்கு எழுதின கோடே ப்ராடக்ட் ஆன கதை. பிசியோதெரபி அறைகளின் 'டென்ஸ்' கருவி பரவியது இப்படித்தான்.

டென்ஸ் மலிவு, கழற்றி வைத்துவிடலாம். அணைத்தால் பலனும் பெரும்பாலும் சீக்கிரம் கரைந்துவிடும். தண்டுவடக் கருவிக்கு அறுவை வேண்டும். தொற்று வரலாம், கம்பி இடம் நகரலாம். ஆனாலும் வேறெதற்கும் அடங்காத நரம்புவலியில் சிலருக்கு அதுதான் கைகொடுக்கிறது.

சரி, டென்ஸ் உண்மையிலேயே வேலை செய்கிறதா? 1990-ல் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 145 பேரை வைத்து நடந்த ஆய்வில், போலிக் கருவியைவிட அது மேலாக இல்லை. 2016-ல் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு முதுகுவலிக்கு அதைத் தர வேண்டாம் என்றது. ஆனால் இந்தச் சோதனைகளில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. நிஜக் கருவி சுறுசுறுவென்று இருக்கும், போலி சும்மா இருக்கும். எந்த வெர்ஷன் தன் கையில் என்று யூசருக்கே தெரிந்த ஏ/பி டெஸ்டை நாங்கள் ஆபீஸில் நம்ப மாட்டோம்.

இப்போது நொடிக்கு 10,000 துடிப்பில் இயங்கும் தண்டுவடக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றில் சுறுசுறுப்பே தெரியாது, ஆனாலும் பலருக்கு வலி குறைகிறது. பழைய கதவுக் கோட்பாடு மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. கோட்பாடு முழுசாகச் சரியாக இல்லாமலேயே அதிலிருந்து ஒரு நல்ல கருவி பிறந்துவிடலாம். வலியில் இருப்பவர் விளக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் அவர் காசு கொடுக்கும் முன் நேர்மையான சோதனை ஒன்றைக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.