ஐந்து வயதும் கோதண்டமும்

வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடி இன்று கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1993 வரை அது தென்னார்க்காட்டு ஊர். பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போனது. ஆற்று மணலும் களிமண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் இந்த மாதிரி ஊர்களில் ஒரு பிள்ளை தன்னைத் தானே அடக்கிக்கொள்ள எங்கே கற்றது என்று கேட்டால், திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் கைகாட்டுவது நம் வழக்கம். வாத்தியார், பிரம்பு, மனப்பாடம் எல்லாம் சேர்ந்து பிள்ளையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தன என்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிள்ளை திண்ணையில் ஏறும் முன்பே, தெருவிலும் முற்றத்திலும் அந்த வேலையில் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது. திண்ணை அதன்மேல் அச்சத்தை ஏற்றி வைத்தது. இன்று நாம் அந்தத் தெருவைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட்டு, அச்சத்தை மட்டும் மூன்று வயதுக்கே இறக்கியிருக்கிறோம்.

இதற்குச் சான்று சென்னை மாகாணத்தின் ஆவணங்களிலேயே இருக்கிறது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் உள்ளூர்ப் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826-இல் அவர் தொகுத்துச் சொன்ன கணக்குப்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பையன்கள் பள்ளியில் இருக்கும் வயது ஐந்திலிருந்து பத்து என்று வைத்துத்தான் அவர் விகிதம் பார்த்தார். பல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் 1823-இல் எழுதிய அறிக்கை இன்னும் நுணுக்கமானது. ஐந்து வயதானதும் வீட்டில் பிள்ளையாரை வைத்து, பள்ளிப் பிள்ளைகளையும் வாத்தியாரையும் அழைத்து, பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கும் சடங்கை அவர் விவரிக்கிறார். நம் வித்தியாரம்பம்தான் அது. மறுநாளிலிருந்து நடப்பதையும் அதே கையோடு எழுதுகிறார். காலையில் முதலில் வந்த பையனின் கையில் சரஸ்வதியின் பெயர்; இரண்டாவதாக வந்தவனுக்கு வெறும் சுழி; மூன்றாமவனுக்கு ஓர் அடி; நான்காமவனுக்கு இரண்டு; அப்புறம் வருகிறவனுக்கெல்லாம் ஒன்று கூடிக்கொண்டே போகும். சோம்பேறிப் பையனை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. தமிழ்த் திண்ணைகளில் இதற்குக் கோதண்டம் என்று பெயரே இருந்தது.

ஆக, ஒரே வழக்கத்துக்குள் இரண்டு வேறு சங்கதிகள். ஒன்று, ஐந்து வயதுவரை பிள்ளையை எழுத்துக்கு உட்கார வைக்காத பொறுமை. மற்றது, உட்கார வைத்தபின் காட்டிய கொடுமை. மூளையைப் பற்றி இன்று தெரிந்தவை முன்னதன் பக்கம் நிற்கின்றன. ஆசையை நிறுத்திவைப்பது, சொன்னதை மனத்தில் இருத்திக்கொள்வது, ஒரு விதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகிய மூன்றுக்கும் பெரிதும் பொறுப்பானது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. பார்வைக்கும் கேள்விக்கும் உரிய பகுதிகள் முந்திக்கொள்ள, இது மெதுவாக வளர்ந்து இருபது வயதுக்கு மேலும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில் அதன் திறன் வெகுவேகமாகக் கூடுகிறது. இரண்டரை வயதுக் குழந்தைக்கு ‘தொடாதே’ என்று சொன்னது புரியும், கை மட்டும் நிற்காது. அதைப் பிடிவாதம் என்று அடிப்பது, இன்னும் முளைக்காத பல்லால் கடிக்கச் சொல்வது போல.

இந்த வருடங்களில் அந்தத் திறனுக்குப் பயிற்சி எது? தலைவன் ‘காக்கை பறக்கும்’ என்றால் கையைத் தூக்க வேண்டும், ‘மாடு பறக்கும்’ என்றால் தூக்கக் கூடாது என்கிற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி தூக்கிய கையைக் கீழே இறக்கும் அந்த நொடிதான் தன்னடக்கம். இன்றைய உளவியல் கூடங்களில் குழந்தையின் தடுக்கும் திறனை அளக்க வைக்கும் சோதனைகள் ஏறக்குறைய இதே அச்சில் வார்த்தவை. கண்ணாமூச்சியில் கண்ணைத் திறக்காமல் எண்ணி முடிப்பதும், நொண்டியில் தூக்கிய காலை ஊன்றாமல் இருப்பதும் அப்படித்தான். சொப்பு விளையாட்டு இன்னும் ஆழமானது. மண் சோற்றைப் ‘பரிமாறும்’ பெண் குழந்தை, தான் அம்மாவாக இருக்கும்வரை அழக்கூடாது, பொறுமையாகப் பரிமாற வேண்டும். விதி அவள் தானே ஏற்றுக்கொண்டது. ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரையில் சொன்னதும் இதுதான்: பாவனை விளையாட்டில் குழந்தை தன் வயதை மீறி நடந்துகொள்கிறது, விதிக்குக் கட்டுப்படுவதிலேயே இன்பம் காண்கிறது. பிள்ளைத்தமிழை வகுத்த நம் புலவர்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று விளையாட்டையே பருவங்களாக எண்ணினார்கள். எழுத்தறிவைக் கொண்டு அவர்கள் பருவம் பிரிக்கவில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. ஐந்து வயது என்பது நல்ல நாள் பார்த்த சடங்கு. மூளையை அறிந்து வைத்த வரம்பு அல்ல. உண்மைதான். ஒரு வழக்கம் எந்தக் காரணத்துக்காகத் தோன்றியது என்பதும், அதனால் என்ன விளைந்தது என்பதும் வேறு வேறு. நான் விளைவைத்தான் பேசுகிறேன். இரண்டாவது மறுப்பு: பிரம்படியில்தானே பெரிய அறிஞர்கள் உருவானார்கள்? உ.வே. சாமிநாதையரும் திண்ணைப் பள்ளியில் படித்தவர்தான். ஆனால் அவருடைய ‘என் சரித்திரம்’ நெடுகப் பொங்கும் நன்றி பிரம்புக்கு உரியதா? 1871-இல் அவரை மாணாக்கராக ஏற்று அன்போடு நடத்திய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு உரியது அது. அச்சம் கீழ்ப்படிதலைத் தரும்; வாத்தியார் திரும்பிப் பார்க்காத நேரத்தில் அது நிற்காது. அமெரிக்காவின் ரோசெஸ்டரில் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை வேறு பக்கத்திலிருந்து காட்டியது. இருபத்தெட்டுக் குழந்தைகளில் பாதிப் பேரிடம் பெரியவர் முதலில் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், மீதிப் பேரிடம் தவறினார். பிறகு இனிப்பை வைத்து, காத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னபோது, வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் மூன்று நிமிடம். காத்திருக்கும் வலிமைக்கு எதிரே இருப்பவர்மேல் உள்ள நம்பிக்கையும் ஒரு தூண். எந்த நொடியில் அடி விழும் என்று தெரியாத பிள்ளைக்கு அந்தத் தூண் எங்கிருந்து வரும்?

மூன்றாவது மறுப்புதான் கனமானது. மன்றோ கணக்கின் 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. உழைக்கும் சாதிப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குத் திண்ணையும் இல்லை, ஐந்து வயதுவரை பட்டினியில்லாத விளையாட்டும் இல்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்ற சிறுமியிடம் சொப்பு விளையாட்டின் மகிமையைப் பேசுவது அநியாயம். வளரும் மூளைக்கு இரும்புச்சத்தும் வயிறார உணவும் இல்லாவிட்டால், எந்த விளையாட்டும் முழுப்பலன் தராது. இதைத் தமிழகம் பிந்தியாவது உணர்ந்தது. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி தடைப்பட்டவர்களுக்கு உணவு கொடுத்தது. 1982 ஜூலையில் வந்த எம்.ஜி.ஆரின் சத்துணவு, கிராமத்துப் பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. திண்ணை ஒருபோதும் தராத ஒன்றை இவை ஏழைப் பிள்ளைக்குத் தந்தன: நாளைக்கும் சோறு வரும் என்கிற உறுதி. காத்திருக்கப் பழகும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கப்பட்டன. தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாத பெற்றோரின் ஏக்கத்துக்கு அது பதில், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கவலை, அந்த அறைக்குள் எது முதலில் நுழைகிறது என்பதில்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை 2009-இலேயே தடை செய்துவிட்டது. நான்குகோடு நோட்டில் ‘அ’வை முப்பது முறை எழுதி முடிக்காத மூன்றரை வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு கிடையாது என்று சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. விருத்தாசலத்துக் களிமண் இருபது கிலோவும் ஒரு வண்டி மணலும் அந்த அறைக்கு ஆகும் செலவில் மிகச் சிறியவை.