விரலுணர்விலிருந்து அளவீட்டுக்கு: மூட்டுக் கசியிழையத்தைச் சோதிக்கும் கைக்கருவிகளின் வரலாறு

மூட்டில் ஒன்றையொன்று சந்திக்கும் என்புகளின் முனைகளைச் சில மில்லிமீற்றர் தடிப்புடைய வெண்ணிறப் படையொன்று போர்த்தியுள்ளது. பொதுவழக்கிற் குருத்தெலும்பு எனப்படும் இப்படையைத் தமிழில் உயிரியல் நூல்கள் கசியிழையம் என வழங்கும். உடலின் பாரத்தைத் தாங்குவதும், என்போடு என்பு உராயாது காப்பதும் இதன் தொழில்களாகும். இத்துணை முதன்மையான இழையத்திற்குக் குருதிக் கலன்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. குருதி ஓட்டம் இன்மையால் ஒருமுறை பழுதுற்ற கசியிழையம் தானாக முழுமையாக ஆறுவதில்லை. நரம்பு இன்மையால் பழுது தொடங்கிய செய்தியை அது உடலுக்கு உணர்த்துவதும் இல்லை. அருகிலுள்ள என்பும் மூட்டுறையும் பாதிப்புற்ற பின்னரே நோவு தோன்றுகின்றது. நோயாளி வைத்தியரை நாடும் வேளையில், காக்கப்பட வேண்டிய பொருளிற் பெரும்பகுதி பெரும்பாலும் அழிந்துவிட்டிருக்கும்.

ஆதலின், ஓசையின்றி நலியும் இவ்விழையத்தின் நிலையை உரிய காலத்தில் அறிவது எங்ஙனம் என்னும் வினா மருத்துவ உலகின் முன் நெடுங்காலமாக நின்றது. அதற்கு விடைதேடிய முயற்சிகளுள், மருத்துவரின் கையிற் பிடித்து மூட்டினுட் செலுத்தப்படும் சிறு கருவிகளின் வரலாறு தனிக் கவனத்துக்குரியது. அவ்வரலாற்றை அதன் தேவை எழுந்த இடத்திலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணால் அறிந்தவை

கசியிழையம் பற்றிய நவீன ஆய்வு 18ஆம் நூற்றாண்டில் இலண்டனில் தொடங்கிற்று எனலாம். 1743ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதினரான வில்லியம் ஹண்டர், மூட்டுக் கசியிழையங்களின் அமைப்பும் நோய்களும் பற்றி வேத்தியற் கழகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை வரைந்தார். என்பின் மேற்பரப்பிலிருந்து நிமிர்ந்து நெருங்கி நிற்கும் நார்களால் இவ்விழையம் ஆனது என்று கூறி, அவ்வமைப்பை வெல்வெற்றுத் துணியின் மயிர்ப்பரப்புக்கு அவர் ஒப்பிட்டார். அழிந்த கசியிழையம் மீள்வதில்லை என்பது ஹிப்போகிறற்றீசின் காலந்தொட்டு ஒப்புக்கொள்ளப்பட்டு வந்த உண்மை என்றும் அவர் குறிப்பிட்டார். நார்களின் ஒழுங்கு பற்றிய அவர் கருத்து பிற்காலத்திற் செம்மைபெற்றது. மீளாமை பற்றிய கருத்தோ பெரிதும் மாறாது நிலைத்தது.

1895இல் றொண்ட்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டறிந்தமை என்புநோய் மருத்துவத்திற்குப் புதுக்கண் அளித்தது. எனினும் கசியிழையம் அக்கண்ணுக்குப் புலனாகவில்லை. எக்ஸ்கதிர்ப் படத்தில் இரு என்புகளுக்கும் இடையே வெற்றிடம்போலத் தோன்றும் பகுதியே கசியிழையம் இருக்குமிடம். அவ்விடைவெளி குறுகுவதைக் கொண்டே அதன் தேய்வு ஊகிக்கப்பட்டது. 1957இல் கெல்கிறென், லோறன்ஸ் என்னும் இருவரும் வகுத்த தரப்படுத்தல் இவ்விடைவெளிக் குறுக்கத்தையும் என்பின் விளிம்பில் முளைக்கும் வளர்ச்சிகளையும் அடிப்படையாகக் கொண்டது. அது பெரும் பயன் விளைத்தது. ஆயினும் இடைவெளி குறுகும்வரை காத்திருப்பது, மதில் சரிந்த பின் அத்திவாரத்தைச் சோதிப்பதை ஒக்கும்.

மூட்டினுள்ளே நேரிற் காணும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1912இல் டென்மார்க்கைச் சேர்ந்த நோர்டென்ரொப்ற், முழங்கால் மூட்டை அகநோக்கியாற் பார்க்கும் முறையைப் பேர்லினில் நடைபெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் மாநாட்டில் எடுத்துரைத்தார். 1918இல் ரோக்கியோவில் கெஞ்சி ரக்காகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை இறந்தவர் ஒருவரின் முழங்காலினுட் செலுத்திப் பார்த்தார். காசநோயால் முழங்கால் விறைத்துப்போதல் அக்காலத்து யப்பானிற் பெருந்துயராக இருந்தது. தரையில் முழங்காலை மடித்தமரும் வழக்கமுடைய சமூகத்தில் மடங்காத முழங்கால் அன்றாட வாழ்வையே குலைத்தது. இத்தேவையே ரக்காகியைத் தூண்டியது. சுவிற்சர்லாந்தில் இயூஜென் பேர்க்கர் 1921இல் தமது மூட்டு அகநோக்கி அனுபவங்களை வெளியிட்டார். ரக்காகியின் மாணவரான மசாக்கி வற்றனாபே 1950களின் இறுதியில் உருவாக்கிய 21ஆம் இலக்க அகநோக்கி, இம்முறையை நடைமுறைக்கு ஏற்றதாக்கியது. 1964இல் கனடாவிலிருந்து ரோக்கியோ சென்ற றொபேட் ஜாக்சன் அதனைக் கற்று, வட அமெரிக்காவில் அது பரவ வழிசெய்தார்.

சலாகையின் நுனியில் விரல்

கண்ணுக்குக் கசியிழையம் புலனாயிற்று. ஆனால் தோற்றம் மட்டும் போதாது என்பதும் உடன் புலனாயிற்று. 1961இல் அவுற்றபிறிட்ஜ் என்னும் கனடிய மருத்துவர் முழங்காற்சில்லின் கசியிழையப் பழுதை நான்கு தரங்களாக வகுத்தார். வீங்கி மென்மையடைதல் முதலாம் தரம். அரை அங்குலத்துக்கு மேற்படாத பரப்பில் வெடிப்பும் சிதைவும் காணல் இரண்டாம் தரம். அவை அரை அங்குலத்தைக் கடத்தல் மூன்றாம் தரம். என்பு வெளித்தெரியத் தேய்தல் நான்காம் தரம். இவற்றுள் இறுதி மூன்றையும் கண் காணும். முதலாவதான மென்மையைத் தொட்டே அறிய வேண்டும்.

அகநோக்கி வழியே சிகிச்சை செய்பவர், நுனி வளைந்த மெல்லிய சலாகையொன்றைப் பிறிதொரு துளையால் உட்செலுத்திக் கசியிழையத்தை அழுத்திப் பார்ப்பர். அது எவ்வளவு அமிழ்கின்றது, எவ்வளவு விரைவில் மீள்கின்றது என்பதை அவர் விரல்கள் உணரும். மிக எளிய இச்சலாகையே கசியிழையச் சோதனைக்குரிய கைக்கருவிகளின் முன்னோடியாகும். பழகிய கையின் உணர்வு வியக்கத்தக்க நுண்மை உடையது. ஆயினும் அதனைப் பிறர்க்குக் கையளித்தல் இயலாது. ஏட்டில் எழுதிவைத்து ஈராண்டு கழித்து ஒப்பிடுதலும் அரிது. ஒருவர் மென்மை என்பதை மற்றவர் இயல்பு என்னலாம். மூட்டு அகநோக்கி வழியான தரப்படுத்தலில் நோக்குவோரிடையே உள்ள உடன்பாடு பற்றி 2002இல் பிறிஸ்மார் முதலானோர் வெளியிட்ட ஆய்வும், ஒரே மூட்டைக் காணும் தேர்ந்த மருத்துவர்கள் எப்போதும் ஒரே தரத்தைக் கூறுவதில்லை என்பதைக் காட்டிற்று. விரலின் தீர்ப்பை எண்ணாக மாற்ற வேண்டிய தேவை இங்குதான் எழுந்தது.

ஆய்வுகூடத்தில் அமிழ்த்தற் சோதனை

அழுத்திப் பார்த்து அளக்கும் முறை ஆய்வுகூடங்களில் முன்னரே உருவாகியிருந்தது. 1926இல் பேயர் கசியிழையத்தின் மீள்தன்மையைச் சோதித்தார். சுவீடனில் 1944இல் கார்ல் ஹிர்ஷ், முழங்காற்சில்லின் கசியிழையம் மென்மையடையும் நோயை அமிழ்த்தற் சோதனையால் ஆராய்ந்தார். தெரிந்த விசையுடன் ஒரு சிறு முனையை இழையத்தில் அழுத்தி, அது அமிழும் ஆழத்தை அளப்பதே இச்சோதனையின் சாரம்.

அளவு கிடைத்தது, அதன் பொருள் யாது என்பதை விளக்கப் பின்னும் சில பத்தாண்டுகள் சென்றன. கசியிழையத்தின் நிறையில் 70 முதல் 80 சதவீதம் வரை நீராகும். எஞ்சியதில் கொலாஜன் நார்கள் வலைபோற் பின்னி நிற்க, புரதமும் வெல்லமும் இணைந்த பெருமூலக்கூறுகள் அவ்வலையினுள் அடைபட்டுள்ளன. அம்மூலக்கூறுகள் தாங்கும் மறையேற்றங்கள் நீரை ஈர்த்து இழையத்தை உப்பச்செய்கின்றன. கொலாஜன் வலை அவ்வுப்பலைக் கட்டுப்படுத்துகின்றது. இவ்விரண்டின் சமநிலையே கசியிழையத்தின் விறைப்பு. 1970இல் இலண்டனில் கெம்சன் முதலானோர், தொடையென்புத் தலையின் கசியிழைய விறைப்பு அதிலுள்ள ஏற்றமுடைய வெல்லச் சங்கிலிகளின் அளவுடன் இயைபுடையது எனக் காட்டினர். 1980இல் ஐக்கிய அமெரிக்காவில் மௌ முதலானோர், திண்மமும் பாய்மமும் சேர்ந்த இரு கூறுகளால் ஆன பொருளாகக் கசியிழையத்தைக் கருதும் கொள்கையை நிறுவினர். அழுத்தும்போது பாரத்தின் பெரும்பகுதியை முதலிற் சுமப்பது உள்ளடங்கிய நீரே என்பதும், அந்நீர் மெல்லக் கசிந்தோட ஓடத் திண்மக்கூறு பாரத்தை ஏற்கின்றது என்பதும் இதனால் விளங்கின.

இவ்வறிவு மருத்துவத்துக்கு உணர்த்திய செய்தி தெளிவானது. நோயின் தொடக்கத்தில் பெருமூலக்கூறுகள் குறைகின்றன, கொலாஜன் வலை தளர்கின்றது, இழையம் மென்மையடைகின்றது. மேற்பரப்பு அப்போதும் வழவழப்பாகவே தோன்றக்கூடும். கண் காணாத அக்காலத்தில் அழுத்தம் உண்மை கூறும்.

அளவி கைக்கு வந்தமை

ஆய்வுகூடப் பொறியை உயிருள்ள மனிதரின் மூட்டுக்குக் கொண்டுசெல்வது எளிதன்று. மூட்டினுள் இடம் குறுகியது, பரப்பு வளைந்தது, கருவியைத் தாங்குவதோ நடுங்கும் இயல்புடைய மனிதக் கை. 1987இல் டாஷெப்ஸ்கி, நுண்ணிய அமுக்க உணரி பொருத்திய சலாகையால் முழங்காற்சில்லின் மென்மையை அகநோக்கி வழியே அளந்த முயற்சியை வெளியிட்டார். 1995இல் பின்லாந்தின் குவோப்பியோ நகர ஆய்வாளர்களான லீரா, யுர்வெலின், கிவிரன்ரா முதலானோர் இத்துறையில் முதன்மையான ஒரு கருவியை அறிமுகஞ்செய்தனர். மெல்லிய கோலொன்றின் நுனியிலுள்ள தட்டை மருத்துவர் கசியிழையத்தின் மீது வைத்து அழுத்துவார். தட்டிலிருந்து சிறிதே வெளிநீண்ட நுண்முனை எப்போதும் ஒரே ஆழத்துக்கு அமிழும். அம்முனையை இழையம் எதிர்க்கும் விசை நியூற்றன் அலகிற் பதிவாகும். மருத்துவரின் கை அழுத்தும் விசையையும் கருவி தனியே அளப்பதால், கைக்குக் கை நேரும் வேறுபாடு கட்டுப்படுத்தப்பட்டது. பிற்காலத்தில் இது ஆட்ஸ்கான் என்னும் பெயருடன் வணிகக் கருவியாகவும் வெளிவந்தது.

எனினும் ஓர் இடர்ப்பாடு நீடித்தது. மெல்லிய கசியிழையத்தை அழுத்துகையில் அடியிலுள்ள என்பின் கடினமும் அளவிற் சேர்ந்துகொள்ளும். மெலிந்த நோயுற்ற படை, தடித்த நலமான படையைப் போல விறைப்பாகத் தோன்றக்கூடும். இதைக் களையும் பொருட்டு, 2002இல் லாசனென் முதலான பின்லாந்து ஆய்வாளர்கள் கழியொலியை அழுத்துமுனையுடன் இணைத்து, தடிப்பையும் விறைப்பையும் ஒருங்கே அறியும் கருவியை விவரித்தனர்.

மின்னின் சான்று

அழுத்தும் கசியிழையம் மின்னையும் பிறப்பிக்கும். நிலையாகப் பிணைந்துள்ள மறையேற்றங்களைக் கடந்து நீர் பாயும்போது, நேரேற்றமுடைய அயன்களை அது தன்னுடன் இழுத்துச் செல்கின்றது. அதனால் சிறு மின்னழுத்தம் தோன்றுகின்றது. மசாசூசெற்சு தொழினுட்பவியல் நிறுவகத்தின் குரொட்சின்ஸ்கி முதலானோர் 1978இல் இத்தோற்றப்பாட்டை ஆராய்ந்து வெளியிட்டனர். ஏற்றமுடைய மூலக்கூறுகள் குறையினும், நீரோட்டத்தைத் தடுக்கும் வலை சிதையினும் இவ்வழுத்தம் தாழும் என்பதே இதன் மருத்துவப் பயன்.

கனடாவின் மொன்றியால் நகரைச் சார்ந்த ஆய்வாளர்கள் இவ்வியல்பைப் பயன்படுத்தி ஆத்ரோ பீ.எஸ்.ரீ. என்னும் கைக்கருவியை அமைத்தனர். அதன் கோளவடிவ நுனியில் 37 நுண்மின்வாய்கள் பதிக்கப்பட்டுள்ளன. நுனியைச் சிறிது பொழுது அழுத்த, தொட்ட மின்வாய்களின் அழுத்தங்களின் கூட்டுத்தொகை 100 மில்லிஉவோற்றை எய்துவதற்கு எத்தனை மின்வாய்கள் வேண்டியிருந்தன என்பதைக் கருவி கணிக்கின்றது. நலமான இழையம் வலிய அழுத்தத்தைத் தருவதால் சில மின்வாய்களே போதும். நலிந்த இழையத்துக்குப் பல வேண்டும். எனவே எண் பெரிதாயின் நோய் பெரிது. இவ்வெண், நுணுக்குக்காட்டி வழி இழையவியற் புள்ளிகளுடனும் பொறிமுறை இயல்புகளுடனும் இயைகின்றது என்பதை 2014இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

பயனும் எல்லையும்

இக்கருவிகளின் பயன், பழுதைத் திருத்தும் சிகிச்சைகளை மதிப்பிடுவதிலே சிறப்பாகத் துலங்கியது. நோயாளியின் சொந்தக் கசியிழையக் கலங்களை வளர்த்துப் பழுதுற்ற இடத்தில் இடும் முறை 1987இல் சுவீடனின் கொதென்பேர்க் நகரில் மனிதரிற் கையாளப்பட்டு, 1994இல் பிறிற்பேர்க், பீற்றர்சன் முதலானோரால் 23 நோயாளிகளின் விவரங்களுடன் அறிவிக்கப்பட்டது. இட்ட இடத்தில் வளர்ந்தது உண்மைக் கசியிழையமா, வெறும் வடுவிழையமா? நோவு நீங்கியது என்னும் நோயாளியின் கூற்று இவ்வினாவுக்கு முழு விடையாகாது. பீற்றர்சன் முதலானோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 11 நோயாளிகளின் மூட்டுக்களை மீண்டும் நோக்கி, அமிழ்த்தற் சலாகையால் அளந்தனர். அவர்களுள் எண்மரிடம், இயல்பான கசியிழையத்தின் விறைப்பில் 90 சதவீதமோ அதற்கு மேலோ காணப்பட்டது. எஞ்சிய மூவரிடம் அவ்வளவு எட்டப்படவில்லை என்பதையும் அதே கருவியே காட்டிற்று. சிகிச்சையின் வெற்றியையும் குறையையும் ஒரே நேர்மையோடு கூறுவது அளவீடேயாகும்.

இருப்பினும் இவ்வரலாற்றின் நடுவே ஒரு முரண் உள்ளது. மென்மையின் முதற் சுவட்டை அறியவல்ல இக்கருவிகள், மூட்டைத் துளைத்த பின்னரே பயன்படத்தக்கவை. முதற் சுவட்டை உடையவரோ நோவின்மையால் எவரிடமும் செல்வதில்லை. சென்றாலும், நோவற்ற மூட்டைச் சோதனைக்காகவே துளைத்தல் முறையாகாது. காந்தப் பரிவுப் படங்கள் கசியிழையத்தை வெளியிலிருந்தே காட்டத் தொடங்கியதும், நோயை முதலில் இனங்காணும் பணி பெரிதும் அவற்றின்பாற் சென்றது. கைக்கருவிகள் ஆய்வுகூடங்களிலும் சிகிச்சை மதிப்பீடுகளிலுமே மிகுதியாக இடம்பெற்றன. அன்றாடச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் வளைநுனிச் சலாகை தன் இடத்தை இழக்கவில்லை.

இதனால் அம்முயற்சிகள் வீணாயின என்று கொள்ளுதல் பொருந்தாது. கசியிழையம் பாரத்தை எவ்வாறு தாங்குகின்றது, எக்கூறு முதலில் நலிகின்றது என்பன பற்றிய அறிவில் பெரும்பகுதி, அதனை அழுத்தி அளக்க முனைந்தோரால் வந்ததாகும். புதிய படமுறைகள் கூறுவது மெய்யா என்று சரிபார்க்கவும் அவ்வளவுகள் வேண்டப்படுகின்றன. மீளாதது என ஹண்டர் கண்ட இழையத்தை மீட்க முயல்வோர், மீட்டதாக உரைக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வுரையைச் சோதித்தறிய ஓர் அளவுகோல் தேவை. அதனை ஆக்கி அளித்தமையே இக்கைக்கருவிகள் மருத்துவத்துக்குச் செய்த தொண்டாகும்.