சிக்கனம் முன்னே, கடன் பின்னே: எங்கள் ஊர் வீடுகள் காசு சேர்த்த கதை

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. இரவு வேலை முடிந்து ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை பத்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சேர், றோட்டுக்கரையில ஒரு பழைய போர்ட் இருக்கு. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் எண்டு போட்டிருக்கு. கடன் குடுக்கிற இடத்துக்கு ஏன் சேர் முன்னுக்குச் சிக்கனம் எண்டு போட்டவை?"

நல்ல கேள்வி. பாடம் முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது, பாதிதான் சொன்னேன். அதே கிழமை இன்னொரு விசயமும் தெரிய வந்தது. ஒரு மாணவி ஒவ்வொரு கிழமையும் ஒரே நாளில் பள்ளிக்கு வருவதில்லை. விசாரித்தால், அன்றைக்குத்தான் கிழமைக் கடன் அறவிட ஆள் வருகிறார். "அம்மா வீட்டில இல்லை" என்று படலையில் நின்று சொல்வதற்காகப் பிள்ளையை மறித்து வைக்கிறார்கள். இரண்டும் ஒரே கதை என்று எனக்குப் பட்டது. அதனால் மிச்சப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

பானையில் தொடங்கிய சேமிப்பு

காசு புழங்க முன்னமே எங்கள் வீடுகளில் சேமிப்பு இருந்தது. செம்மணிப் பக்க வயல்கள் மழையை நம்பியவை, வருடத்தில் ஒரு போகம். தை, மாசியில் வெட்டிய நெல்லை அடுத்த தை வரை இழுக்க வேண்டும். அதற்குத் துணை நின்றது பனை. ஆடி, ஆவணியில் விழும் பழத்தைப் பிழிந்து பினாட்டாகக் காயவைத்தார்கள். விதையைப் பாத்தி போட்டு, மார்கழி தாண்டக் கிழங்கு கிண்டி, ஒடியலும் புழுக்கொடியலுமாகக் கட்டி வைத்தார்கள். பட்டினி மாதம் எது என்று அந்த வீட்டுப் பெண்ணுக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்றும் தெரியும். இன்றைக்கு அதைத்தான் பட்ஜெட் என்கிறோம்.

உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறு முட்டியில் போடும் பழக்கமும் இருந்தது. பிடியரிசி. ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம். இரண்டு வேளைக்கு ஒரு நாளில் 100 கிராம், மாதத்தில் 3 கிலோ. உண்கிறவர் ஒருவருக்கும் அது குறைந்தது தெரியாது. கோயில் காரியமும் பள்ளிக்கூடக் கட்டடமும் கூட இந்தப் பிடியரிசியால் நடந்த ஊர் இது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: சமைத்து மிஞ்சியதை அவர்கள் எடுத்து வைக்கவில்லை. சமைக்க முன்னமே எடுத்து வைத்தார்கள்.

தபாற்கந்தோர் புத்தகம்

காசு வந்த பிறகு அதைப் பத்திரமாக வைக்க இடம் தேவைப்பட்டது. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832இல் தொடங்கியது. ஆனால் சாதாரண ஊர்ச் சனத்துக்கு எட்டியது 1885இல் வந்த தபால் சேமிப்பு வங்கிதான். கொழும்பிலும் மலாயாவிலும் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தாரின் காசுக்கட்டளை வந்து சேர்ந்ததும் அதே தபாற்கந்தோருக்குத்தான். ஒரு யன்னலில் காசை வாங்கி, அடுத்த யன்னலில் ஒரு பகுதியைப் போட்டுவிட்டு வரலாம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்த இரண்டும் மற்றச் சேமிப்பு நிதிகளோடு சேர்ந்து தேசிய சேமிப்பு வங்கியாயின. அங்கே வைக்கும் வைப்புக்கு அரசாங்கமே பொறுப்பு.

சங்கம் வந்த கதை

வங்கி காசை வைத்திருக்கும். ஆனால் விதை வெங்காயம் வாங்க, கிணறு இறைக்க, மகளின் கலியாணத்துக்கு என்று ஏழைக்குக் கடன் தராது. அவன் ஈடு வைக்கும் காணியை விழுங்கக் காத்திருந்தவர்கள் வட்டிக்குக் கொடுப்பவர்கள். இதே பிரச்சினை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கிராமங்களிலும் இருந்தது. அங்கே றைஃபைசன் என்ற ஊர்த் தலைவர் கண்ட வழி, ஒரே ஊர்க்காரர் சேர்ந்து தங்கள் காசையே தங்களுக்குள் கடன் கொடுப்பது. அந்த முறை 1904இல் இந்தியாவில் சட்டமானது. 1911இல் இலங்கையிலும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது.

அந்தச் சங்கங்களின் ஒழுங்கைப் பாருங்கள். உறுப்பினர் எல்லோரும் ஒரே ஊர். ஒருவரை ஒருவர் தெரியும். முதலில் பங்கு வாங்க வேண்டும், மாதாமாதம் சேமிக்க வேண்டும். அதன் பிறகுதான் கடன். என்ன தேவைக்கு என்று சொல்ல வேண்டும், இரண்டு அயலவர் பிணை நிற்க வேண்டும். சங்கம் நட்டப்பட்டால் எல்லோருடைய சொத்தும் பொறுப்பு. ஆகவே தவறணைக்குப் போகிறவன் ஆர், தோட்டம் செய்கிறவன் ஆர் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். வட்டியில் வந்த இலாபமும் சங்கத்துக்கே திரும்பியது.

யாழ்ப்பாணம் இதில் பின்தங்கி நிற்கவில்லை. 1929இலேயே இங்கே கூட்டுறவு மாகாண வங்கி உருவானது. 1930களில் மூளாயில் ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவாகக் கட்டினார்கள். நாங்கள் கூட்டங்களுக்கும் நாடகங்களுக்கும் போகிற வீரசிங்கம் மண்டபம், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்து வடபகுதிக் கூட்டுறவுக்கு உழைத்த வ. வீரசிங்கத்தின் பெயரைத் தாங்கியது. 1952இல் வட்டுக்கோட்டையின் பாராளுமன்ற உறுப்பினராகவும் வந்தவர். ஒரு வாத்தியார் கணக்குப் புத்தகத்தையும் தூக்கினார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கூட்டுறவு வங்கிகளின் வழியில் வந்ததுதான் 1961ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மக்கள் வங்கி.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல், அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கூப்பன் கடைகள் ஊர் ஊராக முளைத்தன. 1953இல் 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்துக் கூப்பன் அரிசியை அரசாங்கம் 70 சதமாக்க, நாடு முழுக்க ஹர்த்தால் வெடித்தது. வீட்டுச் செலவுக் கணக்கு ஒரு அரசாங்கத்தையே ஆட்டியது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அடுப்படிக் கணக்கு சின்ன விசயம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

சீட்டும் ஒரு கொப்பியும்

சங்கத்துக்கு வெளியே பெண்கள் தாங்களே நடத்திய வங்கி சீட்டு. பத்துப் பேர், மாதம் ஒரு தொகை, குலுக்கி வருகிறவருக்கு அந்த மாத முழுக்காசும். கழிவுச் சீட்டு என்று அவசரக்காரர் விட்டுக்கொடுத்து எடுக்கும் முறையும் உண்டு. எங்கள் வீடுகளில் வட்டி எடுப்பதும் கொடுப்பதும் இல்லை. அதனால் குலுக்கல் சீட்டும் கைமாற்றும்தான் எங்கள் தாய்மாரின் வழி.

எனது உம்மா சோனகத் தெருவில் சீட்டு நடத்தினார். பத்துப் பேர், மாதம் 200 ரூபாய். அதில் அரியாலையைச் சேர்ந்த ஒரு அக்காவும் இருந்தார், தையல் துணி வாங்க வந்து பழக்கமானவர். 1990 ஒக்டோபரில் ஏழு மாதச் சீட்டு முடிந்திருந்தது. அந்த அக்காவுக்கு இன்னும் விழவில்லை.

ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் சில மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லப்பட்டோம். எனக்கு ஒன்பது வயது. கையில் 150 ரூபாயும் மாற்றுடுப்பும் என்றார்கள். நகை, கடைச் சாமான், பெட்டகத்துக் காசு எல்லாம் நின்றுவிட்டன. உம்மா உடுப்புக்குள் வைத்துக் கொண்டுவந்தது சீட்டுக் கணக்கு எழுதிய ஒரு நாற்பது பக்கக் கொப்பி. புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, சீட்டு எடுத்தவர்களைத் தேடிப் பிடித்து, எடுக்காதவர்களுக்கு ஐந்தும் பத்துமாகக் கொடுத்து முடித்தார். மிஞ்சியது அரியாலை அக்காவின் 1,400 ரூபாய்.

ஐந்து வருடம் கழித்து அதே ஒக்டோபர் 30. 1995. வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் கண்டி வீதியால் அரியாலை தாண்டி, செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தது. அந்த அக்காவும் நடந்தார். அவருடைய பெட்டகமும் நின்றுவிட்டது.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வந்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். கொப்பியைக் காட்டிக் காசைக் கொடுத்தார். "நான் அதை மறந்தே போனன் தங்கச்சி" என்றார் அக்கா. "நான் மறக்கேல்லை அக்கா, எழுதி வச்சிருந்தன்" என்றார் உம்மா. 1990இல் 1,400 ரூபாய்க்கு வாங்கக் கூடியதில் பாதி கூட அன்றைக்கு வாங்க முடியாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். இருந்தும் அக்கா எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார். கணக்குக்குக் கொடுக்கும் மரியாதை அது.

இரண்டு இடப்பெயர்வுக்கும் நடுவே பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரித்த குப்பி விளக்கு, சவுக்காரத்துக்குப் பதில் பனம்பழம், சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக் குடித்த தேத்தண்ணி. அந்தத் தலைமுறைக்குச் சிக்கனம் படிப்பிக்க எங்களுக்குத் தகுதியில்லை.

வாசலுக்கு வந்த கடன்

2009இன் பின் பாதை திறந்தது, கடையும் கம்பனியும் வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, வீட்டு வாசலிலேயே கடன் கொடுத்து, கிழமைக்குக் கிழமை அறவிடும் நுண்கடன் வந்தது. பார்வைக்குப் பழைய சங்கம் போலவே இருக்கும்: குழு, பிணை, கூட்டம். ஆனால் சேமிப்பு முன்னால் இல்லை. இலாபம் ஊரில் தங்குவதும் இல்லை. நிலைமை முற்றி, 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களில் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அனுமதி பெற்ற நுண்நிதிக் கம்பனிகளின் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது.

வகுப்பில் நான் போட்ட உதாரணக் கணக்கு இது. 50,000 ரூபாய் கடன். 52 கிழமை, கிழமைக்கு 1,250 ரூபாய். மொத்தம் 65,000. "வட்டி 30 வீதம்தானே சேர்" என்றார்கள் பிள்ளைகள். இல்லை. முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம். முழு 50,000மும் ஒரு வருடம் எங்கள் கையில் இருப்பதே இல்லை. அதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வருட வட்டி 50 வீதத்தைத் தாண்டுகிறது. இப்போது திருப்பிப் பாருங்கள். அதே 1,250ஐக் கிழமைக்குக் கிழமை சேர்த்தால் 40ஆவது கிழமையில் 50,000 கையில். பன்னிரண்டு கிழமையும் 15,000 ரூபாயும் மிச்சம்.

வருத்தம் வந்தால் 40 கிழமை காத்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் பழைய ஆட்கள் வருத்தம் வர முன்னமே சேர்த்து, பிறகு தங்களுக்குள் கடன் எடுத்தார்கள். பையனின் கேள்விக்குப் பதில் இதுதான்: சிக்கனம் முன்னுக்கு இருந்தால்தான் பின்னுக்கு வரும் கடன் கழுத்தை நெரிக்காது.

இனி நாங்கள்

காசை மட்டும் நம்பலாம் என்றும் சொல்லமாட்டேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு 94.9 வீதம். புத்தகத்தில் இருந்த காசு கண்முன்னே கரைந்தது. அந்த வருடம் வளவில் முருங்கையும் மரவள்ளியும் நின்ற வீடு கொஞ்சம் மூச்சு விட்டது. அதனால் சேமிப்பைப் பிரித்து வையுங்கள்: கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் சங்கத்தில், கொஞ்சம் வளவில்.

சம்பளமோ கூலியோ வந்த அன்றைக்கே ஒரு பிடியை எடுத்துவிடுங்கள், மாத முடிவில் மிஞ்சும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு கொப்பியில் வரவும் செலவும் எழுதுங்கள், எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுக்கலாம். கடன் எடுக்க முன் "மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அனுமதி பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் வைப்புக்கு 11 இலட்சம் வரை மத்திய வங்கியின் காப்புறுதி உண்டு. கூட்டுறவுச் சங்கத்துக்கு அது இல்லை. சங்கத்துக்குக் காப்பு நாங்கள்தான். ஆகவே வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கணக்கைக் கேளுங்கள். கேட்பார் இல்லாமல் படுத்த சங்கங்கள் பல. மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடனுக்கும் இதே விதிதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய தபால் வங்கிப் புத்தகம், கூப்பன் மட்டை, சீட்டுக் கொப்பி ஏதும் இருந்தால் எறியாதீர்கள். ஒரு நாளைக்கு இரவல் தாருங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திருப்பித் தருவேன். உம்மாவின் கொப்பியையும் கொண்டுபோகிறேன்.

கிழமைக் கடன்காரர் வரும் நாளில் மறிபடுகிற அந்தப் பிள்ளையும் அன்றைக்கு வகுப்பில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவளின் தாயோடு கதைத்திருக்கிறேன். கடன் தாள்களை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், இருந்து கணக்குப் பார்ப்போம். உங்களுக்கும் அப்படித் தாள் இருந்தால், வெட்கப்படாமல் கொண்டுவாருங்கள்.