ஏரிக்கரையில் பனை: தன்னார்வ நடவின் பயனும் எல்லையும்

தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்களில் பெரும்பாலானவற்றுக்கு மண்கரையே அரண். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் உதிரும் காலத்தில் இளைஞர் குழுக்களும் மாணவர்களும் கொட்டைகளைப் பொறுக்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் இக்கரைகளில் நடுவது கடந்த பல ஆண்டுகளில் பரவலான வழக்கமாகிவிட்டது. பனை மாநில மரம் என்ற பற்று இதற்கு ஒரு காரணம். ஆயினும் இவ்வழக்கம் நிலைபெற்றதற்கு அந்த விதையின் இயல்பே அடிப்படை.

பனைவிதை முளைக்கும்போது அதிலிருந்து குழல் போன்ற ஓர் உறுப்பு மண்ணுக்குள் நேராக இறங்குகிறது. இளங்கன்றின் வளர்நுனி அதன் அடியில், தரைக்குக் கீழேதான் உருவாகிறது. கிழங்காக உண்ணப்படுவதும் இப்பகுதியே. ஆடு மேய்ந்தாலும் மேலே உள்ள ஓலை மட்டும் போகும், வளர்நுனிக்குக் கேடில்லை. பையில் வளர்த்துப் பிடுங்கி நடுவது கடினம்; நேரடி விதைப்புக்கோ மழைநீரே போதும். ஆண்டில் ஓரிரு நாள் உழைப்பைத் தரக்கூடிய தன்னார்வலர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடைப்பது அரிது.

கரைக்கும் பனை ஏற்றதே. ஆல், அரசு போன்றவற்றின் வேர்கள் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும். மரம் பட்டபின் வேர் மக்கிய இடம் துளையாகி, நீர்க்கசிவுக்கு வழி திறக்கும். மண்கரையில் பெருமரங்களைப் பொறியாளர்கள் விரும்பாததன் காரணம் இதுவே. பனை ஒருவித்திலைத் தாவரம். நிலையான ஆணிவேர் இன்றி, கயிறு போன்ற எண்ணற்ற சல்லிவேர்களால் மண்ணைப் பற்றும்; அவ்வேர்கள் வயதுடன் பருப்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளை இலட்சக்கணக்கில் சாய்த்தபோது பனைகள் பெருமளவு நின்றதை டெல்டா மக்கள் கண்டனர். எனினும் பனையின் தண்டு தரைக்கு மேல் தெரியவே பல ஆண்டுகள் ஆகும். அதுவரை மழைத்துளியின் அடியிலிருந்து கரையைக் காப்பது புல்லும் மண்ணின் இறுக்கமும்தான். விதைகளைக் கரையின் வெளிப்புற அடிவாரத்தை ஒட்டி நடுவதே பாதுகாப்பானது.

ஆனால் ஏரியைத் தூர்க்கும் வண்டலில் பெரும்பகுதி கரையிலிருந்து வருவதில்லை. நீர்ப்பிடிப்பு நிலத்திலிருந்தும் வரத்துக் கால்வாய்களிலிருந்தும் வருகிறது. தன்னார்வ நடவு பெரும்பாலும் எட்டாத இடம் இது. அங்கே ஒற்றை வரிசைப் பனை வண்டலைத் தடுக்காது. நீரோரத்தில் நாணலும் வெட்டிவேரும், அதையடுத்து நொச்சியும், மேட்டில் புங்கம், நாவல், நீர்மருதும் என அடுக்கடுக்கான நிலைத்திணை வேண்டும். இவற்றின் மரக்கன்றுகளுக்கு முதல் இரண்டு, மூன்று கோடைகளில் நீரும் வேலியும் தேவை. ஒருநாள் நடவு விழாக்கள் தோற்பது இந்த இடத்தில்தான். கால்வாயின் படுகைக்குள் நடுவது மேலும் தவறு. அது வெள்ளத்தை மறித்துக் கரையை அரிக்கச் செய்யும்.

நாட்டு மரம் என்பது மட்டும் தகுதியாகாது என்பதற்குச் சமூகக் காடு வளர்ப்புத் திட்டமே சான்று. 1960களிலிருந்து ஏரிகளின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பரப்பில், நாட்டுக் கருவேல் பெருமளவில் வளர்க்கப்பட்டது. நீர் தேங்கினாலும் தாங்கும் மரம் அது. விறகும் வருவாயும் தந்தது. பறவைகள் கூடுகட்டவும் இடமானது. ஆனால் நீர்ப்பரப்பை அடைத்துத் தூர்வாரலுக்கு இடையூறானது. வெளியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலோ, காய்களைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே பரவி, வறண்ட கண்மாய்களைத் தானே நிரப்பியது. முன்னதில் தவறியது இடத் தேர்வு, பின்னதில் மரத் தேர்வு.

எஞ்சியிருப்பது நிர்வாகச் சிக்கல். பொதுவாக 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு கொண்ட ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. வளர்ந்த மரத்துக்கு அது காவல். புல்லோடு புல்லாக நிற்கும் மூன்றாண்டுக் கன்றையோ, கரை பலப்படுத்த வரும் மண்வாரி இயந்திரம் அறியாமலே வழித்தெறிந்துவிடும். ஆதலால் நடவுக் குழுக்கள் நட்ட இடங்களின் வரைபடத்தை உரிய அலுவலகத்தில் சேர்ப்பதும், பணி தொடங்கும்முன் அலுவலர்கள் அதைப் பார்ப்பதும் கட்டாயமாக வேண்டும். மூன்றாம் ஆண்டில் உயிரோடுள்ள கன்றுகளை எண்ணாதவரை எந்த நடவையும் முடிந்த பணியாகக் கொள்ள இயலாது.