கறுப்புப் பென்சில் கூடாது!

புளியங்குடி என்றதும் எல்லோருக்கும் எலுமிச்சம்பழம்தான் ஞாபகம் வரும். ஆனால், அந்த ஊரைச் சுற்றிக் கொஞ்சம் பாருங்கள். கடையநல்லூர் பக்கம் திருமலாபுரம் குகையில் பாண்டியர் காலத்து ஓவியம். குற்றாலத்தில் சுவரெல்லாம் படம் தீட்டிய சித்திரசபை. கிழக்கே கோவில்பட்டியில், காலண்டர் சாமி படங்கள் மூலம் வீட்டுக்கு வீடு நுழைந்த கொண்டையராஜு (1898-1976) வாழ்ந்த இடம்.

இத்தனை இருந்தும், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஓவியப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தால் வீட்டில் என்ன கேட்பார்கள்? ''ஏலே, படம் போட்டா மார்க் வருமா?''

இப்படிக் கேட்கிற நாட்டில்தான் 1949-ல் ஒரு கார்ட்டூனிஸ்ட் துணிந்து ஒரு காரியம் செய்தார். பெயர் சங்கர். கேரளத்தின் காயங்குளத்தில் 1902-ல் பிறந்தவர். டெல்லியில் 'சங்கர்ஸ் வீக்லி' நடத்தியவர். நேருவையே விடாமல் கிண்டலடித்த மனிதர், குழந்தைகளிடம் மட்டும் பயபக்தியோடு போய், ''படம் அனுப்புங்கப்பா'' என்று கேட்டார். முதல் வருஷமே சுமார் 3,000 படைப்புகள் வந்து குவிந்தன! மறு வருஷம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. எமர்ஜென்சி வந்த 1975-ல் அந்தப் பத்திரிகை நின்றுபோனது. போட்டி நிற்கவில்லை. 1989-ல் சங்கர் மறைந்த பிறகும் அது தொடர்ந்தது.

16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான அந்தப் போட்டியின் விதிகளில் ஒன்று வேடிக்கையானது. எதில் வேண்டுமானாலும் வரையலாம், சாதாரணக் கறுப்புப் பென்சில் மட்டும் கூடாது! காரணம் என்னவாக இருந்தாலும், எனக்கு அது பிடித்திருக்கிறது. பென்சில் இருந்தால் கூடவே ரப்பர் வரும். ரப்பர் வந்தால் பின்னாலேயே பெரியவர்கள் வந்துவிடுவார்கள். ''மூக்கு கோணலா இருக்கு, இங்க கொண்டா'' என்று வாங்கித் திருத்தினால், அப்புறம் அது யார் படம்?

கொச்சியில் எட்மண்ட் தாமஸ் கிளின்ட் என்றொரு சிறுவன் இருந்தான். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான ஓவியப் போட்டியில் முதல் பரிசு வாங்கியபோது அவனுக்கு வயது 5. 1983-ல், ஏழு வயது நிறைவதற்குள் நோய் அவனைக் கொண்டுபோய்விட்டது. அதற்குள் 25,000-க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்துவிட்டான். தெய்யத்தையும் திருவிழாவையும் அவன் வரைந்தான்.

இன்று வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. 2015-ல் மத்திய அரசின் 'கலா உத்சவ்' வந்தது. 2022-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் 'கலைத் திருவிழா' தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறலாம். ஜெயித்தால் 'கலையரசன்', 'கலையரசி' பட்டம் உண்டு. 'மார்க் வருமா' என்ற கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால், காகிதத்தில் என்ன வருகிறது? இரண்டு முக்கோண மலை, நடுவில் உதிக்கிற சூரியன்! புளியங்குடிக்கு மலை இருப்பது மேற்கே. அங்கே சூரியன் மலைக்குப் பின்னால் உதிப்பதில்லைங்க, மறையும்! தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிள்ளைகள் பார்க்கிற காட்சி அது. போட்டித்தாளில் மட்டும் அது எப்படித் தலைகீழாகிவிடுகிறது?

திருமலாபுரத்து ஓவியன் குகைக் கூரையில் வரைந்துவைத்தவற்றில் தாமரையும் வாத்தும் இருக்கின்றன. நம்ம ஊர்க் குளத்தில் எவரும் பார்க்கக்கூடியவைதான். அவனுக்கு யாரும் பரிசு கொடுத்ததாகத் தெரியவில்லை. படம் மட்டும் ஆயிரம் வருஷம் தாண்டி நிற்கிறது.

உங்கள் பிள்ளை அடுத்த போட்டிக்குக் கிளம்பும்போது கலர் டப்பா வாங்கிக் கொடுங்கள். திருத்த மட்டும் போகாதீர்கள். முடிந்தால் முந்தின நாள் சாயங்காலம் மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், மலையை ஒரு தடவை காட்டிவிடுங்கள்.